சக்கிமுக்கித் துப்பாக்கியால் மான் வேட்டை: பென்சில்வேனியாவின் பனிக்காலப் பருவத்துக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26 அன்று, சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே ஒதுக்கப்பட்ட மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. 1974இல் சில மாநில வேட்டை நிலங்களில் மட்டும் சிறிய அளவில் அனுமதிக்கப்பட்ட இந்தப் பருவம் இன்று மாநிலம் முழுவதற்கும் விரிந்து, ஜனவரி மாதத்தின் நடுப்பகுதி வரையும் சில வட்டாரங்களில் அதற்கு அப்பாலும் நீடிக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் உருவாக்கிய நெடுந்துப்பாக்கியின் வழிவந்த கருவியை ஏந்தி, கூட்டமெல்லாம் கலைந்த பனிக்காட்டில் மானைத் தேடுவது இதன் சிறப்பு. ஆனால் கையில் இருப்பது ஒரே ஒரு குண்டு. அடுத்ததைக் கெட்டிக்க, பழகிய கைக்கே அரை நிமிடம் ஆகும். குளிரில் விறைத்த விரல்களுக்கு அதைவிட வெகுநேரம் ஆகும். ஆகவே நிச்சயமாகக் கொல்லும் என்று உறுதியாகத் தெரிந்தாலன்றிச் சுடாதிருப்பதே இவ்வேட்டையின் முதல் விதி. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையும் அந்த உறுதியைத் தேடித்தருவதற்கானது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல்: இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடைசெய்கிறது. இங்கே விளக்கப்படும் முறை, மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க வேட்டையையே சட்டபூர்வமான வழியாகக் கொண்டுள்ள ஒரு மாநிலத்துக்கு உரியது. மரவெட்டும் வணிக வேட்டையும் சேர்ந்து, 1900ஆம் ஆண்டளவில் பென்சில்வேனியாவில் மான் இனத்தைக் கிட்டத்தட்டத் துடைத்தழித்திருந்தன. 1895இல் அமைக்கப்பட்ட மாநில வேட்டை ஆணையம் பிற மாநிலங்களிலிருந்து மான்களை வாங்கி விட்டும், பெண்மான்களுக்குப் பாதுகாப்பு அளித்தும் அவ்வினத்தை மீட்டது. இன்றைய கட்டுப்பாடுகள் அந்த வரலாற்றிலிருந்து பிறந்தவை என்பதால், அவற்றை வெறும் தொல்லையாகக் கருதுவோரிடம் எனக்கு உடன்பாடில்லை.

முதன்முறை உரிமம் பெறுபவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். பொது உரிமத்துடன், குழலின் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கான தனி உரிமமும் தேவை. துப்பாக்கி 1800க்கு முன் வழங்கிய ஒற்றைக்குழல் வகையாகவோ அதன் மறுவடிவமாகவோ இருத்தல் வேண்டும். சக்கிமுக்கிக் கல்லால் பற்றவேண்டும். குழலின் உள்விட்டம் 0.44 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்தக் கூடாது. முந்தைய பருவத்தில் பயன்படுத்தாத கொம்புமான் அட்டையைக் (எடுத்த மானின் காதில் கட்டும் அனுமதிச் சீட்டைக்) கொண்டு இப்பருவத்தில் கொம்புள்ளதையோ கொம்பில்லாததையோ எடுக்கலாம் என்பது ஒரு நல்ல சலுகை. விதிகள் ஆண்டுதோறும் சற்றே மாறுவதால், அவ்வாண்டுக்கான விதித்தொகுப்பை முழுமையாகப் படித்த பின்னரே புறப்பட வேண்டும்.

துப்பாக்கியை அறிதல்

விசையை அழுத்தியதும் கல்லைக் கவ்விய குதிரை முன்னோக்கிப் பாய்கிறது. கல்லின் கூரான விளிம்பு எஃகுத் தகட்டின் முகத்தைச் சுரண்டி, அதிலிருந்து பிய்ந்து எரியும் இரும்புத் துகள்களைக் கீழே உள்ள சிறு கிண்ணத்தில் கொட்டுகிறது. கிண்ணத்திலுள்ள நுண்ணிய வெடிமருந்து தீப்பற்றி, அதன் சுடர் குழலின் பக்கவாட்டிலுள்ள பற்றுத்துளை வழியே பாய்ந்து உள்ளிருக்கும் மருந்தை எரிக்கிறது. இத்தனையும் நன்கு பேணப்பட்ட துப்பாக்கியில் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். பேணாத துப்பாக்கியில் கிண்ணத்தில் மட்டும் பளிச்சென்று எரிந்து அடங்கிவிடும், அல்லது ஒரு தயக்கத்துக்குப் பின் வெடிக்கும். அந்தத் தயக்கத்தின்போதும் குறி விலகாமல் நிற்பதுதான் இத்துப்பாக்கி கேட்கும் தனிப் பயிற்சி. முகத்துக்கு அருகே எழும் சுடரைக் கண்டு கண் மூடுவதும் தலை தூக்குவதும் எல்லோருக்கும் முதலில் நேர்வதே. குழலில் எதுவுமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கல்லுக்குப் பதிலாக அதே அளவு மரத்துண்டைக் குதிரையில் கவ்வவைத்து, வீட்டிலேயே நாள்தோறும் குறிபிடித்து விசையழுத்திப் பழகினால் அப்பழக்கம் போய்விடும்.

கல்லைத் தோல்துண்டில் பொதிந்து, விளிம்பு எஃகுத் தகட்டுக்கு இணையாக நிற்குமாறு குதிரையின் தாடையில் இறுக்க வேண்டும். குதிரை அரைநிலையில், அதாவது பாதி பின்னிழுத்த நிலையில், இருக்கையில் கல் தகட்டை நெருங்கியிருக்கலாம், தொடக் கூடாது. இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்துப் பிராண்டன் ஊரின் கருநிறக் கல்லும், பிரான்சின் தேன்நிறக் கல்லும் பெயர்பெற்றவை. எந்தக் கல்லாயினும் சில பத்துத் தடவைகளில் மழுங்கும். காட்டுக்குச் செல்லும் நாளில் புதிதாகக் கூராக்கிய கல் பூட்டியிருப்பதும், மாற்றுக் கல் இரண்டு பையில் இருப்பதும் அவசியம்.

மருந்தும் குண்டும்

இத்துப்பாக்கிக்கு உரியது கருமருந்து மட்டுமே: வெடியுப்பு 75 பங்கு, மரக்கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. புகையற்ற நவீன மருந்தை ஒரு சிட்டிகை அளவுகூட இதில் இடக் கூடாது. குழல் வெடித்துச் சிதறும், ஆள் பிழைப்பது அரிது. கருமருந்துக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்கள் பற்றுவதற்கு அதிக வெப்பம் தேவைப்படுவதால் கல்லின் பொறிக்குச் சரிவர இணங்குவதில்லை. 0.50 அங்குலக் குழலுக்கு இரண்டு எஃப் அல்லது மூன்று எஃப் குறியுள்ள மணியளவும், கிண்ணத்துக்கு நான்கு எஃப் குறியுள்ள நுண்ணிய மணியும் வழக்கம். எஃப் எண்ணிக்கை கூடக்கூட மணி பொடியாகும், வேகமாக எரியும்.

அதே 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 அங்குல விட்டமுள்ள தூய ஈய உருண்டை பொருந்தும். அதன் எடை ஏறத்தாழ 177 கிரெயின், அதாவது 11.5 கிராம். உருண்டையைச் சுற்றி 0.015 அங்குல அளவு தடிமனுள்ள, கெட்டியாக நெய்த பருத்தித் துணி வர வேண்டும். இந்தத் துணிதான் குழலின் சுழல்வரிகளைப் பற்றிக்கொண்டு உருண்டையைச் சுழற்றுகிறது. செயற்கை இழைத் துணி உருகி ஒட்டும் என்பதால் உதவாது. துணிக்கு மாட்டுக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பசை பூசலாம். சுடுகளத்தில் எச்சில் தடவிச் சுடுவோர் உண்டு, ஆனால் வேட்டையில் குண்டு பல மணி நேரம் குழலில் காத்திருப்பதால் எச்சிலின் ஈரம் மருந்தை நனைத்துவிடும். பெட்ரோலிய எண்ணெய்களோ எரிந்து தார்போன்ற கசடாகிவிடும்.

மருந்தின் அளவைச் சுடுகளத்தில்தான் கண்டறிய வேண்டும். 50 அல்லது 60 கிரெயினில் தொடங்கி, ஐந்து ஐந்தாகக் கூட்டி, ஒவ்வோர் அளவுக்கும் மூன்று குண்டு சுட்டுப் பாருங்கள். துப்பாக்கி செய்தவர் குறித்த உச்ச அளவை மீற வேண்டாம். பெரும்பாலான 0.50 அங்குலத் துப்பாக்கிகள் 70 முதல் 90 கிரெயினுக்குள் தங்களுக்குப் பிடித்த அளவைக் காட்டிக்கொடுக்கும். சுட்ட துணியைத் தேடி எடுத்துப் பார்ப்பது நல்ல ஆசிரியரைக் கேட்பதற்கு நிகர்: அது சில பத்தடி தொலைவில் கிடக்கும். நடுவில் கருவட்டம் மட்டும் படிந்து துணி முழுமையாக இருந்தால் எல்லாம் ஒழுங்கு. ஓரம் கருகிப் பொத்தலாகியிருந்தால் துணி மெலிது அல்லது பசை போதவில்லை. கத்தியால் கீறியது போலிருந்தால் குழலின் வாயிலோ வரிகளிலோ கூர்மை மிகுந்திருக்கிறது.

ஐம்பது கெஜத்துக்குக் குறிபொருத்திய பின், மேசையை விட்டெழுந்து, வேட்டையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, நின்றும் மண்டியிட்டும் மரத்தில் சாய்ந்தும் சுட வேண்டும். ஆறு அங்குலக் காகிதத் தட்டில் ஐந்துக்கு ஐந்தும் பதியும் தொலைவு எதுவோ அதுவே உங்கள் எல்லை. சிலருக்கு அது நாற்பது கெஜமாக இருக்கும், அதில் குறைவொன்றுமில்லை. உருண்டைக் குண்டு காற்றை எதிர்த்து நிற்க வல்லதன்று. குழல்வாயில் விநாடிக்கு 1,800 அடி வேகத்தில் கிளம்புவது 100 கெஜத்தில் அவ்வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். மணிக்கு 10 மைல் பக்கக்காற்று அந்தத் தொலைவில் அதை ஓர் அடிக்கு மேல் தள்ளிவிடும். எத்தனை தேர்ந்தவராயினும் 75 கெஜத்துக்கு அப்பால் சுடாதிருப்பது நல்லது.

கெட்டிக்கும் முறை

கெட்டிக்குமுன் கெட்டிக்கோலைக் குழலுக்குள் விட்டு, உள்ளே ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுங்குழலில் கோல் எவ்வளவு இறங்குகிறதோ அங்கே ஒரு கோடும், முறையாகக் கெட்டித்த பின் ஒரு கோடும் கோலிலேயே கீறி வைத்தால், எந்த இருட்டிலும் குழலின் நிலை தெரியும். முந்தைய எண்ணெய்ப் பூச்சைச் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தெடுத்து, பற்றுத்துளையை ஊசியால் குத்திச் சீராக்கி, கிண்ணத்தில் மட்டும் மருந்திட்டு ஒருமுறை பற்றவைத்துத் துளையை உலர்த்துங்கள். பின்னர் குழலை ஈரத்துணியாலும் உலர்துணியாலும் துடைத்து, சிறிது நேரம் பொறுத்து, குதிரையை இறக்கி, எஃகுத் தகட்டைத் திறந்தே வைத்து, பற்றுத்துளையில் ஓர் இறகுத்தண்டைச் செருகிக்கொண்டு கெட்டிக்கத் தொடங்குங்கள்.

மருந்துக்கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டுவது ஒருபோதும் கூடாது. உள்ளே ஒரு கங்கு மிஞ்சியிருந்தால் கொம்பு முழுவதும் கையிலேயே வெடிக்கும். பித்தளை அளவுக்குழாயில் அளந்து, கொம்பை மூடி அப்பால் தள்ளிவிட்டு, பிறகே குழலில் இட வேண்டும். குழலின் பக்கத்தை உள்ளங்கையால் தட்டி மருந்தைப் படியவைத்து, பசைத்துணியைக் குழல்வாயில் விரித்து, உருண்டையை வார்ப்புத்தழும்பு மேல்நோக்கி இருக்க நடுவில் வைத்து, குட்டைக்கோலால் முதலில் தள்ளி, அதன்பின் கெட்டிக்கோலைக் குழல்வாய்க்கு மேலே ஒரு சாண் அளவில் பிடித்துச் சிறுகச் சிறுக இறக்குங்கள். நீளமாகப் பிடித்து அழுத்தினால் கோல் முறிந்து உள்ளங்கையைத் துளைக்கும். இது அச்சுறுத்துவதற்காகச் சொல்வதன்று. வாய்வழி கெட்டிப்போரிடையே அறியப்பட்ட காயங்களுள் இது ஒன்று. குண்டு மருந்தின்மீது திண்ணமாக அமர்ந்துவிட்டதைக் கோலின் கோட்டைக் கொண்டு உறுதிசெய்யுங்கள். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெளி விட்டுச் சுட்டால் குழல் புடைக்கலாம், பிளக்கவும் கூடும். இத்தனை வேலையிலும் முகமும் உடலும் குழல்வாய்க்கு நேரே வராமல் பார்த்துக்கொள்வதும், கோலை எடுத்துவிட்டதை நினைவில் கொள்வதும் வேண்டும்.

கிண்ணத்துக்கு மருந்திடுவது காட்டில் நிற்குமிடம் சேர்ந்த பிறகே. இறகுத்தண்டை உருவி, துளையை ஒருமுறை ஊசியால் குத்தி, கிண்ணத்தில் பாதியளவு மருந்திட்டு, தகட்டை மூடி, குதிரையை அரைநிலையில் நிறுத்துங்கள். அரைநிலைப் பூட்டை மட்டும் நம்பி குழலை யார் பக்கமும் திருப்ப வேண்டாம். வண்டியில் ஏறுமுன் கிண்ணத்து மருந்தை நீக்கிவிட்டால் துப்பாக்கி வெற்றாகக் கொள்ளப்படும் என்பது மாநிலச் சட்டம். ஆயினும் குழலில் மருந்துள்ள துப்பாக்கியை உயிருள்ளதாகவே நடத்துவதுதான் அறிவு.

ஈரம் இந்த வேட்டையின் பெரும்பகை. கடுங்குளிர் உலர்ந்ததாக இருந்தால் துன்பமில்லை. தூறலும் உருகும் பனியும்தான் கிண்ணத்தைச் சேறாக்கும். கொழுப்பூட்டிய தோலுறை ஒன்றைப் பூட்டுக்கு (குதிரையும் தகடும் கிண்ணமும் அடங்கிய பொறிக்கு) மேல் கட்டி, கிண்ணத்தின் விளிம்பில் தேன்மெழுகு தடவி, ஈரநாள்களில் மணிக்கொரு முறை கிண்ணத்து மருந்தைத் துடைத்து மாற்றுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குத் துப்பாக்கியைக் கொண்டுவந்தால் குழலின் உள்ளும் புறமும் நீர் வியர்க்கும். எனவே கிண்ணத்தைக் காலிசெய்து, பூட்டிய குளிரிடத்திலேயே அதை வைப்பது உத்தமம்.

காட்டில்

நவம்பர் நடுவில் உச்சமடையும் இணைசேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது. அதன்பின் வந்த நவீனத் துப்பாக்கிப் பருவத்தின் ஓசையும் ஆள்நடமாட்டமும் மான்களை எச்சரிக்கையாக்கிவிட்டன. எஞ்சிய வெள்ளைவால் மான்கள் பகலில் அடர்ந்த ஹெம்லாக் மரநிழலிலும் மலைலாரல் புதர்களிலும் ஒடுங்கிக் கிடக்கும். கடுங்குளிரில் வெயில் படும் தென்சரிவுகளை நாடும். கருவாலி மரத்தடியில் பனியைக் கிளறி விதை தேடும். மரம் வெட்டிய இடங்களில் இளந்தளிர்களைக் கடிக்கும். எனவே படுக்குமிடத்துக்கும் மேயுமிடத்துக்கும் இடையிலுள்ள தடத்தைப் புதிய பனியில் வாசித்து, அங்கே காற்று எதிர்முகமாக வீசும்படி, மாலைக்கு வெகுமுன்பே அமர்ந்துவிடுவது நல்ல முறை. ராத்ராக் மாநிலக் காட்டின் முகடுகள் போன்ற இடங்களில், முகட்டுத் தாழ்வுகளும் புதர் ஒடுங்கும் வாய்களும் நாற்பது கெஜத்துக்குள் மானைக் கொண்டுவந்து தரும்.

புதுப்பனியில் தனியாகத் தடம்பின்பற்றி நடப்பதும், நண்பர்கள் சிலர் மெல்ல நடந்து மற்றவர் பக்கம் மானை நகர்த்துவதும் வழக்கத்தில் உள்ளன. கூட்டாகச் செய்கையில் ஒவ்வொருவர் நிற்குமிடமும் சுடும் திசையும் முன்கூட்டியே பேசி முடிவாக வேண்டும். ஓடும் மானைச் சுடுவது இத்துப்பாக்கிக்கு ஏற்றதன்று. சூரியன் எழுவதற்கு அரை மணி முன்னிருந்து, மறைந்த பின் அரை மணி வரைதான் வேட்டை நேரம். மக்கள் குடியிருக்கும் கட்டடங்களிலிருந்து 150 கெஜத்துக்குள் அனுமதியின்றிச் சுடக் கூடாது. ஒளிரும் செம்மஞ்சள் உடையைச் சட்டம் கட்டாயப்படுத்தாத நேரத்திலும் அணியுங்கள்: மானுக்கு அந்நிறம் உறுத்தாது, மனிதக் கண்ணுக்குத் தப்பாது.

மான் முழுப்பக்கமாகத் திரும்பி நிற்கும்வரை பொறுத்திருங்கள். அதன் தலை மரத்தின் பின் மறையும் நேரத்தில் குதிரையை முழுநிலைக்கு ஏற்றுங்கள். விசையை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டே ஏற்றி, பின் விட்டால் சொடுக்கொலி எழாது. முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, உடலின் கீழ் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலே, நெஞ்சாங்கூட்டின் நடுவைக் குறிபாருங்கள். எதிர்முகமாகவோ பின்புறமாகவோ நிற்கும் மானையும், கிளைகள் குறுக்கிடும் மானையும் விட்டுவிடுங்கள். குறிக்குப் பின்னால் மண்சரிவு இருக்கிறதா என்பதும், பூட்டின் வலப்புறம் பற்றுத்துளைச் சுடர் பாயும் திசையில் யாருமில்லை என்பதும் விசைக்கு முன் பார்க்க வேண்டியவை. சுட்ட பின்னும் குழல்முனையிலுள்ள குறிமுள்ளை மான்மீதே வைத்திருங்கள்.

வெடிக்கவில்லையெனில் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே முழுதாக ஒரு நிமிடம் பிடித்திருந்து, பிறகே துளையைக் குத்தி மீண்டும் மருந்திட வேண்டும்.

சுட்ட பின்

வெண்புகை பார்வையை மறைக்கும். உடனே குனிந்தோ பக்கவாட்டில் நகர்ந்தோ மான் சென்ற வழியைக் கண்ணால் பற்றிக்கொள்ளுங்கள். அது கடைசியாக நின்ற மரத்தையும் மறைந்த இடத்தையும் மனத்தில் குறித்து, முதல் வேலையாகத் துப்பாக்கியை மறுபடி கெட்டியுங்கள். நெஞ்சில் பட்ட மான்கூட நூறு கெஜம் ஓடும். உருண்டைக் குண்டு சிலவேளை மறுபக்கம் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுவதால் குருதித்தடம் மெலிதாக இருக்கும். விழுந்ததைக் காணவில்லையெனில் அரை மணி நேரமாவது காத்திருந்து தேடுங்கள். நுரைத்த செங்குருதி நுரையீரலைக் காட்டும்; கருஞ்சிவப்பு ஈரலைக் காட்டும், அப்போது இன்னும் சில மணி நேரம் பொறுப்பது மானை மேலும் விரட்டாமல் காக்கும். எதுவுமே தென்படாவிட்டாலும், படவில்லை என்று எளிதில் முடிவுகட்டிவிடாமல், பனி காட்டும் ஒவ்வொரு குளம்படியையும் பின்பற்றித் தேடி முடிப்பது வேட்டைக்காரரின் கடன்.

மானை நகர்த்துமுன் அட்டையை நிரப்பிக் காதில் கட்டுங்கள். பத்து நாள்களுக்குள் ஆணையத்துக்கு அறிவியுங்கள். கையுறையணிந்து, சிறுநீர்ப்பையும் குடலும் கீறாமல் உள்ளுறுப்புகளை நீக்கி, உடற்கூட்டைக் குச்சியால் விரித்து விரைவில் குளிரவிடுங்கள். மான்களின் மூளையை அரிக்கும் நாட்பட்ட நலிவு நோய் 2012இல் இம்மாநிலத்தில் கண்டறியப்பட்டது. நோய் மேலாண்மைப் பகுதியில் எடுத்த மானின் தலை, முதுகெலும்பு போன்றவற்றை அப்பகுதிக்கு வெளியே கொண்டுசெல்லத் தடையுள்ளது; தலையைச் சோதனைக்காக ஆணையம் வைத்துள்ள தொட்டிகளில் இடலாம்.

சுடாமல் பொழுது சாய்ந்துவிட்டால், பற்றுத்துளை வழியே அழுத்தவாயுவைச் செலுத்திக் குண்டை வெளித்தள்ளும் சிறு கருவியால், குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி வெறுமையாக்கலாம். ஒருமுறை சுட்டிருந்தாலும் அன்றிரவே துப்பாக்கியைக் கழுவ வேண்டும். கருமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் எஃகைத் தின்னத் தொடங்கும். பூட்டைக் கழற்றி, பற்றுத்துளையை அடைத்து, சோப்பு கலந்த வெதுநீரால் குழலைத் துணி வெண்மையாக வரும்வரை தேயுங்கள்; உலர்த்தி, மெல்ல எண்ணெயிட்டு, குழல்வாய் கீழ்நோக்கி இருக்குமாறு சாய்த்து வையுங்கள், மிகை எண்ணெய் பற்றுத்துளைப் பக்கம் தேங்காது. மறுநாள் காலை ஒரு வெள்ளைத்துணியை உள்ளே விட்டு எடுங்கள். அதில் செம்பழுப்பு படிந்திருந்தால் மறுபடியும் தேய்த்து எண்ணெயிடுங்கள்.